தறி ஓய்ந்ததற்குப் பள்ளிக்கூடத்தின் மேல் பழி

காஞ்சிபுரத்தில் பட்டுத்தறி ஏன் குறைந்துபோனது என்று பேச்செடுத்தால், பிள்ளையார்பாளையத்துத் திண்ணையிலும் சென்னைப் பட்டுப்புடவைக் கடையின் கல்லாவிலும் ஒரே பதில்தான் வரும்: "பசங்களை எல்லாம் ஸ்கூலுக்கு அனுப்பிட்டாங்க, அப்புறம் தறிக்கு ஆள் ஏது?" இந்தப் பேச்சுக்கு ஒரு வாலும் உண்டு. "அரைநாள் படிப்பு, அரைநாள் அப்பன் தொழில்னு ராஜாஜி அன்னைக்கே சொன்னார். கேட்டோமா?" வாட்ஸ்அப் வந்த பிறகு வால் நீண்டுவிட்டது. இப்போது அதற்குத் 'திறன் கல்வி' என்று புதுப்பெயரும் சூட்டியாயிற்று.

வாலிலிருந்தே தொடங்குகிறேன். அன்றைய முதல்வர் ராஜாஜியின் அரசு 1953-இல் கொண்டுவந்த திட்டப்படி, தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம்தான் வகுப்பு. மிச்ச நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். கிராமத்துப் பள்ளிகளில்தான் இது நடைமுறைக்கு வந்தது, நகரத்துப் பள்ளிகளில் இல்லை. திட்டத்தைப் புகழ்கிறவர்கள் இதை மட்டும் சொல்வதில்லை. காஞ்சிபுரம் ஊருக்குள் முழுநாள் பள்ளி, ஊரைத் தாண்டிய நெசவுக் கிராமத்தில் அரைநாள் பள்ளி என்பதுதான் அதன் நடைமுறைப் பொருள். வக்கீல் மகன் அப்பாவின் ஆபீசில் அரைநாள் உட்கார்ந்து தொழில் பழகட்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அரசு சொன்ன காரணம் பொய்யில்லை. கட்டடமும் வாத்தியார்களும் போதவில்லை. இரண்டு ஷிப்ட் வைத்தால் அதே பள்ளியில் இரண்டு மடங்கு பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். ஆனால் 1954 ஏப்ரலில் முதல்வரான காமராஜருக்கும் அதே பற்றாக்குறைதான் இருந்தது. அடுத்த மாதமே அவருடைய அரசு திட்டத்தைக் கைவிட்டது. 1956-இல் பள்ளிகளில் மதிய உணவு விரிந்தது. பிறகு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் கூட்டி, கட்டடத்தையும் பெஞ்சையும் ஊராரிடமே கேட்டு வாங்கினார்கள். அவற்றை முன்னின்று நடத்திய கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு, காஞ்சிபுரத்துப் பக்கத்து நெய்யாடுபாக்கத்துக்காரர். பணமில்லாத நிலையிலும் வேறு வழி இருந்தது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. (இந்த இடத்தில் நெசவாளர் வீட்டுப் பிள்ளையான அண்ணாவை இழுத்துவந்து, 'அவரும் அரைநாள் படித்திருந்தால்?' என்று கேட்பது மேடைக்கு நன்றாக இருக்கும். முதலமைச்சர் ஆகப்போகிறவனுக்கு மட்டும்தானா முழுநாள் படிப்பு? எனக்கு அந்த வாதம் வேண்டாம்.)

இனி அந்தப் பேச்சின் தலைக்கு, 'தறிக்கு ஆள் ஏது' என்ற கேள்விக்கு, வருவோம். காஞ்சிப் பட்டின் பெருமையே கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டையும் நெசவிலேயே கோர்க்க வேண்டும். அதற்கு மூன்று நாடா ஓட வேண்டும். நெசவாளருக்கு எட்டாத பக்கத்துக் கரை நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் தேவை. காலங்காலமாக அந்த இன்னொரு ஆள் சிறுபிள்ளை. "சின்ன விரலுக்குத்தான் பட்டு வசப்படும், எட்டு வயசுல உட்காரலேன்னா அப்புறம் வராது" என்பார்கள். கரை நாடா தள்ளப் பழகுவதற்கு எத்தனை வருடம் வேண்டும்? பிள்ளையை வருடக்கணக்கில் தறியருகே இருத்தி வைத்தது தொழில் கற்றுத்தர அல்ல, கூலி மிச்சம் பிடிக்க.

அது அப்பன் தறியாகவாவது இருந்ததா? பல பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ பெற்றோர் முன்பணம் வாங்க, அந்தக் கடனுக்காகப் பிள்ளை அடுத்தவர் தறிக்குப் போனது. 2003-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கை, காஞ்சிபுரத்துப் பட்டுத்தறிகளில் இருந்த இந்த நிலையைக் கொத்தடிமை என்றே குறித்தது. குலத்தொழில் என்ற பேச்சும் இங்கே எடுபடாது. செங்குந்தர், தேவாங்கர், பத்மசாலியர், சௌராஷ்டிரர் என்று நெசவுச் சாதிகள் இருந்தபோதே, சுற்றுவட்டக் கிராமங்களில் வயல்வேலை செய்த வன்னியர், தலித் குடும்பங்களும் தறிக்கு வந்து நல்ல புடவை நெய்தார்கள். ரத்தத்தில் ஊறிய தொழில் என்றால் அவர்கள் கைக்கு அது எப்படி வந்தது?

சட்டமும் இந்தக் 'குடும்ப'க் கதையை நம்பியே ஓட்டை வைத்தது. 1986-இன் குழந்தைத் தொழிலாளர் சட்டம் நெசவை ஆபத்தான தொழில்களின் பட்டியலில் சேர்த்தது. குடும்பத்தார் துணையோடு நடக்கும் பட்டறைக்கு விலக்கும் கொடுத்தது. 2016-இல் திருத்தியபோது, பள்ளி நேரம் முடிந்த பிறகும் விடுமுறையிலும் வீட்டுத் தொழிலுக்கு உதவலாம் என்றார்கள். 1953-இன் அரைநாள் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்குப் போனபின் கோர்வை குறைந்தது உண்மை. அந்த இடத்தில் பெரியவர் ஒருவரை உட்கார வைத்தால் பெரியவருக்கான கூலி தர வேண்டும், தர மனமில்லை. பட்டு விலையும் ஜரிகை விலையும் ஏறினால் கடைக்காரர் அதைப் புடவை விலையில் சேர்த்துவிடுகிறார். இரண்டாவது ஆளின் கூலியைச் சேர்க்கும்போது மட்டும் 'கட்டுப்படியாகாது' என்கிறார். விசைத்தறியில் ஓட்டிய போலியை 'காஞ்சிபுரம்' என்று விற்பதும் நடக்கிறது. 2005-06-இல் கிடைத்த புவிசார் குறியீடு அதைத் தடுத்து நிறுத்தவில்லை. இந்த நிலையில் பத்தாவது முடித்த பையன் ஒரகடத்துக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ கம்பெனி பஸ் ஏறுகிறான். அங்கே மாதம் பிறந்தால் சம்பளம். இங்கே பாவு நூல் வரும்வரை தறி சும்மா கிடக்கும், கூலியும் கிடையாது. படித்ததால் போனான் என்று சொல்வதைவிட, கணக்குப் பார்க்கத் தெரிந்ததால் போனான் என்று சொல்லலாம்.

பள்ளியைக் குறை சொல்லும் பட்டு முதலாளிகளில் எத்தனை பேர் தம் பிள்ளையைக் கரை நாடா தள்ள உட்கார வைத்தார்கள்? அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இங்கிலீஷ் மீடியத்தில் படித்து வந்து கடையைப் பார்க்கிறார்கள். தொழில் அழியாமல் காக்கும் பொறுப்பு கூலி நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் எப்படி வந்தது?

தொழில் பழக வயது தாண்டிப்போகாது. சேலம் கைத்தறித் தொழில்நுட்பக் கழகத்தில் பத்தாவதையாவது முடித்தவர்களைத்தான் சேர்க்கிறார்கள். காஞ்சிபுரத்திலும் பதினெட்டு வயது நிறைந்தவர்களுக்கு உதவித்தொகை கொடுத்துக் கோர்வை கற்றுத்தரலாம். கூட்டுறவுச் சங்கங்கள் தம் கூலிப் பட்டியலில் இரண்டாவது ஆளுக்கென்று தனி வரி எழுதலாம். புடவை எடுக்கப் போகிறவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. கோர்வைதானா என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். கரை நாடா தள்ளியவருக்கு என்ன கூலி கொடுத்தீர்கள் என்றும் கடைக்காரரைக் கேளுங்கள்.