சுடர் மஞ்சளானால் என்ன பொருள்?

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் பழவேற்காட்டு ஏரிக்கரை ஊர்களில் அன்றாட வாழ்வின் போக்கே மாறிவிடுகிறது. ஆரணி ஆற்றின் வெள்ளம் ஏரியில் வந்து கலக்கிறது. உப்பங்காற்று ஓயாமல் வீசுகிறது. விறகு நனைந்துபோகிறது. கோட்டைக்குப்பம், ஜமீலாபாத், லைட்ஹவுஸ் குப்பம் என்று எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், முற்றத்தில் மூட்டிய அடுப்பு வீட்டிற்குள் அடைக்கலம் புகும் காலம் அது. அப்போது குடும்பத்தின் முழுப் பளுவும் எரிவாயு அடுப்பின்மீது விழுகிறது. படகிலோ மணல்திட்டிலோ இரவு தங்க நேர்பவர்களுக்கும், தலையில் பர்னரைத் தாங்கிய சிறு சிலிண்டர் தேநீர் கொதிக்க வைக்க ஏற்றதாகத் தோன்றுகிறது.

2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டம் போன்றவற்றால் சமையல் எரிவாயு எளிய குடிசைகளையும் எட்டியது. அது நல்லதே. ஆயினும் அடுப்பு வந்த வேகத்தில், அதன் குணம் பற்றிய அறிவு வந்து சேரவில்லை. அடுப்பு முரண்டு பிடித்தால் தட்டிப் பார்க்கிறோம், ஊதிப் பார்க்கிறோம், சிலிண்டரைக் குலுக்கிப் பார்க்கிறோம். அது ஏன் அணைகிறது, ஏன் கரி பிடிக்கிறது என்று கேட்பதில்லை. பழுது என்று நாம் சலித்துக்கொள்வது பல வேளைகளில் எச்சரிக்கையாக இருக்கிறது என்பதையே இம்மாதம் வாசக சகோதர சகோதரிகளின் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறோம்.

இதனை விளங்கிக்கொள்ள உலகின் மறுகோடியில் உள்ள மீனவர்களைச் சற்றே பார்ப்போம். அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்து மில் லாக்ஸ் ஏரியும், கனடாவில் ஒண்டாரியோ மாகாணத்துச் சிம்கோ ஏரியும் குளிர்காலத்தில் பாறைபோல் உறைந்துவிடுகின்றன. மக்கள் பனிக்கட்டியில் துளையிட்டு, அதன்மேல் கூடாரம் அமைத்துத் தூண்டில் போடுகிறார்கள். குளிர் காய அவர்கள் கொண்டு செல்வது, கையில் தூக்கிச் செல்லத்தக்க புரோப்பேன் வாயு அடுப்பு. நம் சிலிண்டரில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவை. பியூட்டேன் பூஜ்ய டிகிரி அளவுக் குளிரிலேயே ஆவியாக மறுத்துவிடும். புரோப்பேனோ பூஜ்யத்திற்குக் கீழே 42 டிகிரி வரை ஆவியாகும். ஆகவே அங்கே அதுவே துணை.

அந்த அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போதே திடீரென்று அணைந்துவிடுவது அங்குள்ளோர் அடிக்கடி காணும் தொல்லை. தூசு அடைத்திருக்கலாம்; வாயு தீர்ந்திருக்கலாம். ஆனால் வேறொரு காரணமும் உண்டு. மூடிய இடங்களுக்கென்று செய்யப்படும் இத்தகைய அடுப்புகளில் ஒரு காவல் பொறி அமைக்கப்படுகிறது. நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறத்தாழ நூற்றில் 21 பங்கு பிராணவாயு. மூடிய கூடாரத்தில் அது 18 பங்கு அளவிற்குக் குறைந்தால், அப்பொறி வாயுவை நிறுத்தி அடுப்பை அணைத்துவிடும். அடுப்பு கெட்டுவிட்டது என்று எண்ணி மீண்டும் மீண்டும் பற்ற வைப்பவர், தம் உயிரைக் காக்க வந்த காவலனோடு சண்டையிடுகிறார். அவர் செய்ய வேண்டியது கூடாரத்தின் வாயிலைத் திறப்பதே.

நம் வீட்டு அடுப்புகள் பெரும்பாலானவற்றில் அத்தகைய காவலன் இல்லை. நம் கண்ணும் மூக்குமே காவல். எனவே சுடரைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

சிலிண்டரின் வாயு ரெகுலேட்டர் வழியே அழுத்தம் தணிந்து, குழாயில் ஓடி, ஊசிமுனை போன்ற சிறு துளையினூடே பாய்கிறது. பாயும் வேகத்தில் பக்கத்துக் காற்றையும் இழுத்துக்கொண்டு பர்னருக்குள் செல்கிறது. வாயுவும் காற்றும் சரியான அளவில் கலந்தால் சுடர் நீலமாக, கூர்மையாக, அமைதியாக நிற்கும். இதுவே ஆரோக்கியத்தின் அடையாளம். இதிலிருந்து மாறுகிற ஒவ்வொரு மாற்றத்திற்கும் ஒரு பொருள் உண்டு.

அடுப்பு பற்றவே மறுத்தால் முதலில் எளியவற்றைப் பாருங்கள்: ரெகுலேட்டர் சரியாக அமர்ந்திருக்கிறதா, குழாய் மடங்கியிருக்கிறதா, சிலிண்டர் காலியா? இரண்டு பர்னர்களும் சோர்ந்து எரிந்தால் குறை சிலிண்டரிலோ ரெகுலேட்டரிலோ குழாயிலோ இருக்கிறது. ஒன்று மட்டும் சோர்ந்தால் குறை அந்தப் பர்னரில்தான். பொங்கி வழிந்த கஞ்சியோ, உப்புப் படிவோ, சிலந்தி வலையோ துளைகளை அடைத்திருக்கும். சிலிண்டரை மூடி, பர்னர் ஆறிய பின் அதன் மூடியைக் கழற்றி, நன்னீரில் கழுவி, துளைகளைத் தூரிகையால் சுத்தம் செய்து, ஈரம் முற்றிலும் காய்ந்த பிறகு பொருத்துங்கள். உள்ளே வாயு பாயும் சிறு துளையை மட்டும் ஊசியால் குடையாதீர்கள். அது சற்றே அகன்றாலும் அளவுக்கு மீறிய வாயு பாயும். அதனைப் பழுது பார்ப்பவரிடம் விடுவதே நலம்.

சிறு சிலிண்டரில் நெடுநேரம் பெருஞ்சுடர் எரித்தால், உள்ளே திரவம் ஆவியாகும் வேகத்தில் சிலிண்டர் குளிர்ந்து, மேலே வியர்த்து, சுடர் தளர்வதுண்டு. சற்று ஓய்வு கொடுத்தால் போதும். வெந்நீர் ஊற்றுவதும், படுக்கப் போடுவதும், குலுக்குவதும் ஆகாது. படுக்கப் போட்டால் ஆவிக்குப் பதிலாகத் திரவமே வெளிப்பட்டுத் தீ பெரிதாக எழக்கூடும். காற்றில் அணைகிறது என்று பர்னர் தாங்கிய சிலிண்டரைத் தகரத்தால் சுற்றி அடைப்பதும் தவறு. சுடரின் வெப்பம் சிலிண்டரின்மீதே திரும்பும்.

சுடர் பர்னரை விட்டு எழும்பி இரைச்சலிட்டால், காற்றோ அழுத்தமோ மிகுந்துவிட்டது. ரெகுலேட்டரைச் சோதிக்கச் சொல்ல வேண்டும். ‘டப்’ என்ற ஒலியுடன் தீ பர்னருக்குள்ளேயே எரிந்தால், உடனே நிறுத்தி, ஆறவிட்டு, மூடி பிசகாமல் அமர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இனி மஞ்சள் சுடருக்கு வருவோம். இது கடற்கரை ஊராருக்கு ஒரு தனிச் சிக்கல். உப்பில் உள்ள சோடியம் தீயில் பட்டால் மஞ்சள் ஒளி தரும். ஆகையால் உப்பங்காற்றோ உப்புநீர்த் துளியோ பட்ட பர்னரில், எரிதல் சீராக இருக்கும்போதே மஞ்சள் பொறிகள் தோன்றும். நீலச் சுடரின் நடுவே அவை மின்னி மறையும். பாத்திரத்தில் கரி பிடிக்காது. பர்னரைக் கழுவினால் போய்விடும். காற்றுப் போதாமல் வரும் மஞ்சளோ வேறு வகை. சுடர் நீண்டு, துவண்டு, நாக்குப்போல் அசையும், பாத்திரத்தின் அடி கறுக்கும், கண் எரியும். கரி பிடித்தால் அது உப்பின் விளையாட்டு அன்று. உப்புக்காற்றைக் காரணம் காட்டி அதனைப் புறக்கணிக்கக் கூடாது.

ஏனெனில், காற்றுப் போதாமல் எரிகிற எந்த நெருப்பும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவைப் பிறப்பிக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் பிராணவாயு அமர வேண்டிய இடத்தை, அதைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் அது பிடித்துக்கொள்கிறது. தலைவலி, மயக்கம், குமட்டல், சோர்வு என்று தொடங்கும். உறங்குபவர் இவற்றை உணராமலேயே உயிரிழக்கக்கூடும். ஒரே அறையில் இருந்த பலருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்து, வெளியே வந்ததும் தெளிந்தால், காய்ச்சல் என்று எண்ணிப் படுக்கப் போகாதீர்கள். அடுப்பை அணைத்து, அனைவரும் வெளிக்காற்றிற்கு வந்துவிடுங்கள். மயங்கியவரைத் தூக்கி வந்து, 108 ஊர்தியை அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

ரமளானில் ஸஹர் உணவு சூடாக்கும் வேளையில், மழைச்சாரலுக்கு அஞ்சிக் கதவும் சன்னலும் அடைத்திருப்போம். பிரசவித்த தாய்க்கும் சிசுவுக்கும் குளிர் ஆகாது என்று மூடிய அறையில் கரி நெருப்புச் சட்டி வைக்கும் வழக்கமும் உண்டு. எரிவாயுவைவிடக் கரி நெருப்பு இந்நச்சை மிகுதியாகத் தரும். எனவே ஒரு சன்னலேனும் திறந்திருக்கட்டும். குளிருக்குப் போர்வையும் கம்பளியும் போதும். அடுப்பை அறை சூடாக்கும் கருவியாக்க வேண்டாம். உறங்கப் போகுமுன் நெருப்பை அணைத்துவிடுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பணித்திருப்பதை நாம் அறிவோம். அதன் பயன் இவ்விடத்தில் எத்துணைத் தெளிவாக விளங்குகிறது!

மற்றோர் அபாயம் எரியாத வாயு கசிவது. இதற்கு மணம் உண்டு. இயல்பில் மணமற்ற எரிவாயுவில், கசிவைக் காட்டிக்கொடுப்பதற்கென்றே கெட்ட வாடையுள்ள பொருளைக் கலக்கிறார்கள். இவ்வாயு காற்றைவிடக் கனமானது. மேலே எழாமல் தண்ணீரைப்போல் தரையில் படரும். வீட்டில் வாசற்படி வழியே வெளியேறிவிட வழியுண்டு. படகு என்பதோ ஒரு கிண்ணம். கசிந்த வாயு அடித்தட்டில் தேங்கி நிற்கும். நின்றுகொண்டிருப்பவரின் மூக்கிற்கு எட்டாமலும் போகலாம். காற்றில் நூற்றில் இரண்டு பங்கு அளவிற்குக் கலந்தாலே தீப்பற்றும் நிலை வந்துவிடும். அந்நேரத்தில் இயந்திரத்தை இயக்கினாலோ, பீடி பற்ற வைத்தாலோ விளைவை எண்ணவே நெஞ்சு நடுங்குகிறது. படகில் வாடை வந்தால் சிலிண்டரை மூடுங்கள். பொறி எழுப்பும் எதனையும் தொடாதீர்கள். படகு நன்கு காற்றாடும்வரை இயந்திரத்தைத் தொட வேண்டாம். இயன்றவரை கரை சேர்ந்த பின் மணலில் அடுப்பு மூட்டுவதே சிறந்தது.

வீட்டில் வாடை வந்தால் சிலிண்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, அனைவரையும் வெளியேற்றுங்கள். மின்விளக்கைப் போடவும் கூடாது. எரிவதை அணைக்கவும் கூடாது. வெளியே வந்து 1906 என்ற அவசர எண்ணிற்குத் தெரிவியுங்கள். கசியும் இடத்தைத் தீக்குச்சியால் தேடுவது தற்கொலைக்குச் சமம். சோப்பு நுரையைத் தடவினால் கசியும் இடத்தில் குமிழி எழும்.

உப்புக்காற்று இரும்பைத் தின்னும். ஆதலால் சிலிண்டரை ஈர மணலில் வைக்காமல் பலகைமேல் நிமிர்த்தி வையுங்கள். வாங்கும்போதே அடிவளையத்தில் துரு இருக்கிறதா, வாயில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். மேற்பட்டையில் ஏ, பி, சி, டி என்னும் எழுத்துகளில் ஒன்றும் ஆண்டும் பொறித்திருக்கும். அவை முறையே ஆண்டின் நான்கு காலாண்டுகளைக் குறிக்கும். பி என்றும் 28 என்றும் இருந்தால், 2028 ஜூனுக்குள் அது மறுசோதனைக்குச் செல்ல வேண்டும். காலம் கடந்ததை வாங்காதீர்கள். குழாயில் வெடிப்புக் கண்டால் உடனேயும், காணாவிடினும் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறையும் மாற்றுங்கள்.

வாரம் ஒருநாள் பர்னரைக் கழுவிக் குழாயைத் தடவிப் பார்க்கும் பொறுப்பை வீட்டில் ஒருவர் ஏற்றுக்கொள்ளட்டும். உம்மா மட்டுமே அறிந்த செய்தியாக இது இருத்தலாகாது; வாப்பாவும் பிள்ளைகளும் அறிந்திருக்க வேண்டும். இரவில் ஏரிக்குப் போகிறவருக்கும், அவர் திரும்பி வரும்வரை அடுப்படியில் விழித்திருப்பவருக்கும், நீலச் சுடர் எது, நச்சுச் சுடர் எது என்று ஒரே பார்வையில் தெரிந்தாக வேண்டும்.