தாய் வேடத்தில் ஓர் ஆண்

ஆண் ஒருவர் பெண்வேடம் கட்டி மேடையேறினாலே அரங்கில் சிரிப்பு எழும். கூத்தும் நாடகமும் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. ஆனால், அந்தச் சிரிப்பு நடிகரின் திறமையைக் கண்டு எழுகிறதா, அல்லது பெண்ணின் உடலைக் கண்டு எழுகிறதா? அமெரிக்க ஐக்கிய நாட்டில் புகழ்பெற்ற 'ஹேர்ஸ்ப்ரே' என்ற இசை நாடகத்தில் வரும் எட்னா என்ற தாயின் பாத்திரம் இக்கேள்வியை நம்முன் வைக்கின்றது.

கதை நடப்பது 1962ஆம் ஆண்டு, பால்டிமோர் நகரில். ட்ரேசி என்ற பருமனான பள்ளி மாணவி ஒரு தொலைக்காட்சி நடன நிகழ்ச்சியில் இடம்பிடிக்கிறாள். அந்நிகழ்ச்சியில் கறுப்பின இளையோருக்கு மாதத்தில் ஒரு நாள் மட்டுமே அனுமதி என்பதை எதிர்த்துப் போராடுகிறாள். (இது வெறும் கற்பனையல்ல. அந்நகரில் ஒளிபரப்பான பட்டி டீன் நிகழ்ச்சி, இரு இனத்து இளையோரும் சேர்ந்து ஆடுவதை ஏற்கும் துணிவின்றி 1964ல் நின்றுபோனது.) எட்னா, ட்ரேசியின் தாய். ஊரார் துணிகளை வீட்டிலேயே வெளுத்து, இஸ்திரி போட்டுப் பிழைப்பவர். தன் பருமனை எண்ணி வெட்கி, ஆண்டுக்கணக்கில் வாசற்படி தாண்டாதவர். மகளின் வற்புறுத்தலால் வெளியே வரும் அவர், இறுதியில் அப்போராட்டத்திலும் கலந்து சிறை செல்கிறார்.

1988ல் வந்த மூலத் திரைப்படத்தில் டிவைன் என்ற ஆண் நடிகர் எட்னாவாக நடித்தார். 2002ல் பிராட்வே மேடையில் ஹார்வி ஃபயர்ஸ்டீன், 2007ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் ஜான் ட்ரவோல்டா என, அது மரபாகவே ஆகிவிட்டது. கதை மகளுடையது என்றாலும், 2003ல் மகளாக நடித்தவருக்குச் சிறந்த நடிகை விருதும், தாயாக நடித்த ஃபயர்ஸ்டீனுக்குச் சிறந்த நடிகர் விருதும் டோனி விழாவில் கிடைத்தன!

ஃபயர்ஸ்டீன் தம் கரகரத்த ஆண்குரலை மறைக்கவில்லை. ஆயினும் அவர் எட்னாவைக் கேலிப்பொருளாக்கவில்லை. கணவரோடு அவர் பாடியாடும் காட்சியில், முதுமையிலும் மாறாத தம்பதியரின் பாசமே மேலோங்கி நிற்கின்றது. சிரித்த அரங்கு, அவரை நேசிக்கவும் செய்கின்றது.

இருப்பினும் ஒரு நெருடல். பருமனான, நடுத்தர வயது நடிகைக்கு இசை நாடகங்களில் கிடைக்கும் வாய்ப்புகள் மிகச் சிலவே. அப்படிப்பட்ட பெண்ணின் மாண்பையே பேசும் ஒரு பாத்திரம் வரும்போது, அதுவும் ஆணுக்கே போகிறது. நடித்தவர்களின் திறமையில் குறையில்லை, ஆனால் மரபு சட்டமாகிவிட்டதுதான் தவறு என எனக்குத் தோன்றுகிறது.

இங்கிலாந்தின் 'மட்டில்டா' இசை நாடகத்திலும், பிள்ளைகளைக் கொடுமைப்படுத்தும் தலைமையாசிரியை ட்ரஞ்ச்புல் வேடத்தை 2010ல் பெர்டி கார்வெல் என்ற ஆண் நடிகரே ஏற்றார். அங்கு அச்சமூட்டுவதே நோக்கம் என்பதால், ஆணின் உருவம் கதைக்கு உதவியது. 2022ல் அது திரைப்படமானபோது அவ்வேடம் எம்மா தாம்சனுக்குச் சென்றது. அவரும் பருமனான பெண் அல்லர். உடலில் திணிப்புகளைப் பொருத்திக்கொண்டே நடித்தார்.