பச்சையாவது, ஒன்றாவது!

ஸ்வீடன், அபிஸ்கோ. ராத்திரி 11 மணி, மைனஸ் 20 டிகிரி. மலைகள் மேகத்தை மறித்துவிடுவதால் இங்கே வானம் பெரும்பாலும் சுத்தம் என்றுதான் கூட்டி வந்தார்கள்.

வடக்கே சாம்பலாக ஏதோ நீண்டது. ‘சே, மேகம்!’ என்றேன்.

‘காமிராவில் பாருங்க’ என்றார் கைடு. பார்த்தால் பச்சைப்பசேல்! சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், எலெக்ட்ரான்களிடம் அடி வாங்கிய ஆக்ஸிஜன் தரும் பச்சை. மங்கலாக இருந்தால் நம் கண்ணுக்கு நிறம் உறைக்காதாம். (அப்புறம் எதற்கு சார் இத்தனை செலவு?)

நாலாவது படத்தில் குளிர் தாங்காமல் பாட்டரி காலி. திட்டிக்கொண்டே நிமிர்ந்தேன். அந்த ‘மேகம்’ சட்டென்று கிழிந்து, வெறுங்கண்ணுக்கே பச்சையாகி, தலைக்கு மேல் திரைச்சீலையாக ஆடியது. ஏழெட்டு நிமிஷம். குளிர் மறந்துபோச்சு.

ஆபீசில் ‘போட்டோ காட்டுங்க சார்’ என்கிறார்கள். கைவசம் இருப்பது மேகம் நாலு.