எண்ணெய் படாத பிராணவாயு

கருமத்தம்பட்டி நால்ரோட்டிலிருந்து சோமனூருக்கும் அன்னூருக்கும் அவிநாசிக்கும் பிரிந்து செல்கின்ற சாலைகளின் ஓரத்தில் லேத்துப் பட்டறையோ கேஸ் வெல்டிங் பட்டறையோ வைத்துப் பிழைக்கின்ற எவரைக் கேட்டாலும், அவர் படித்தவராயினும் படியாதவராயினும், ஆக்சிஜன் சிலிண்டரின் வால்விலும் ரெகுலேட்டரிலும் எண்ணெய்க் கை படலாகாது என்னும் விதியைத் தயங்காமல் சொல்வார். இறுகிப்போன எந்தத் திருகுக்கும் துளி எண்ணெய் விட்டுப் பார்ப்பது பட்டறையின் வழக்கம்; ஆக்சிஜன் ஒன்றுக்கு மட்டும் அந்த வழக்கம் உயிரைப் பறிக்கும். பட்டறையில் பாலபாடமாக இருக்கின்ற இந்த விதி, கடலடியில் மூழ்குவோர் கடித்துக்கொண்டு மூச்சு விடுகின்ற ரெகுலேட்டருக்கும் அதே அளவுக்குப் பொருந்துவதாயிருந்தும், அங்கே நாற்பது என்னும் ஓர் எண்ணின் மறைவில் மெல்ல மெல்ல மறக்கப்பட்டு வருகிறது என்பதே இக்கட்டுரையை எழுதத் தூண்டிய கவலை.

கடலைக் காணாத கொங்கு நாட்டுக்கும் கடல் முழுக்குக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். சம்பந்தம் இரண்டு வகையில் உண்டு. நம் ஊர்ப் பிள்ளைகள் விடுமுறையில் அந்தமானுக்கும் புதுச்சேரிக்கும் மாலத்தீவுக்கும் சென்று, சில நாள் பயிற்சியோடு முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு நீரில் இறங்குவது இப்போது சகஜமாகிவிட்டது. அதைவிட முக்கியமாக, 1960-இல் கம்ப்ரஸர் செய்யும் எல்ஜி நிறுவனம் இங்கே தோன்றிய காலந்தொட்டுக் காற்றழுத்த இயந்திரத்தின் நுட்பத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கற்றுத் தேர்ந்த கோயம்புத்தூர், கம்ப்ரஸர் விடுகின்ற காற்றோடு எண்ணெய் ஆவி எவ்வாறு கலந்து வருகிறது, அதை வடிகட்டுவது எத்தனை பிரயாசை என்பதை வேறெந்த ஊரையும்விட நன்றாக அறிந்த ஊர். இவ்விஷயத்தில் பேச நமக்கு உரிமை உண்டு.

மூழ்குவோர் சுவாசிக்கும் சாதாரணக் காற்றில் பிராணவாயு ஏறத்தாழ 21 விழுக்காடு. எஞ்சியது பெரும்பாலும் நைட்ரஜன். ஆழத்தில் அழுத்தம் மிகுவதால் இந்த நைட்ரஜன் உடலின் திசுக்களில் கரைந்து, மேலே வரும்போது குமிழிகளாக வெளிப்பட்டு மூட்டுகளையும் நரம்புகளையும் வதைக்கும் ஆதலால், அதன் பங்கைக் குறைத்துப் பிராணவாயுவின் பங்கைக் கூட்டிய கலவையை அமெரிக்கத் தேசியக் கடல், வளிமண்டல நிர்வாகத்தின் மார்கன் வெல்ஸ் என்னும் விஞ்ஞானி வகுத்தளித்தார்; அது 1979-இல் அந்நிர்வாகத்தின் முழுக்குக் கையேட்டில் இடம்பெற்றது. நைட்ராக்ஸ் என்று வழங்கும் இக்கலவையில் 32 விழுக்காடும் 36 விழுக்காடும் பிரசித்தமானவை. 1991-இல் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனத்தார் பூம்புகாருக்கு அப்பால் குதிரைலாட வடிவிலான ஓர் அமைப்பைக் கண்டது ஏறத்தாழ 23 மீட்டர் ஆழத்தில். அத்தகைய ஆழங்களில் அளவெடுத்தும் படமெடுத்தும் நிதானமாக வேலை செய்ய வேண்டிய ஆய்வாளருக்கு 32 விழுக்காட்டுக் கலவை அளிக்கின்ற கூடுதல் நேரம் பெரும் வரப்பிரசாதம் என்பதில் ஐயமில்லை. அதை வேண்டாமென்று சொல்வது என் நோக்கமன்று.

ஆனால் பிராணவாயு மிகுந்த கலவை, மூச்சுக்கு உதவுவதைப் போலவே தீக்கும் உதவுகிறது. பிராணவாயு தானாக எரிவதில்லை. எரியக்கூடியது எதுவாயினும் அதை எளிதில் பற்றவைத்து, கடுமையாக எரிய விடுகிறது. ரெகுலேட்டரின் முதற்கட்டம் என்னும் உலோகக் கூட்டுக்குள் நிகழ்வதைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் வாயு, வால்வை வெடுக்கென்று திறந்த மாத்திரத்தில், அந்தச் சிறு கூட்டுக்குள் பாய்ந்து அங்கிருந்த வாயுவைக் கணப்பொழுதில் நசுக்குகிறது. வெப்பம் வெளியே போக அவகாசமில்லை என்று வைத்துக் கணக்கிட்டால், நசுங்கிய வாயுவின் சூடு ஆயிரம் டிகிரி செல்சியஸைத் தாண்டும். தோட்டத்து டீசல் எஞ்சின் தீப்பொறியில்லாமலே எரிபொருளைப் பற்றவைப்பது இதே தத்துவத்தால்தான். உலோகச் சுவர் அந்தச் சூட்டை உறிஞ்சிக்கொள்வதால் பெரும்பாலும் ஒன்றும் நேர்வதில்லை. ஆனால் அவ்விடத்தில் கம்ப்ரஸரிலிருந்து வந்த எண்ணெய்ப் படலமோ, ரப்பர்த் துகளோ, சர்வீஸ் செய்தவர் விட்டுச் சென்ற கிரீஸோ இருந்து, வந்த வாயுவும் பிராணவாயு செறிந்ததாக இருந்துவிட்டால், அது பற்றிக்கொள்ளும். அதிலிருந்து ஓ-ரிங் பற்றும். செறிவு போதுமானதாயின் உலோகமே எரியும். டைட்டானியத்தால் ஆன ரெகுலேட்டரை 40 விழுக்காட்டுக்கு மேற்பட்ட கலவைக்குப் பயன்படுத்தலாகாது என்று அதைச் செய்கின்றவர்களே எச்சரிப்பது இதனாலேயே.

அந்த நாற்பது எங்கிருந்து வந்தது? அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு விதிகள், 40 விழுக்காட்டுக்கு மேல் பிராணவாயு கொண்ட கலவையோடு புழங்கும் முழுக்குச் சாதனங்கள் பிராணவாயுவுக்கென்றே அமைக்கப்பட்டு, எரியக்கூடிய மாசு நீங்கச் சுத்தம் செய்யப்பட வேண்டும் என்று கூறுகின்றன. அதைத் திருப்பிப் படித்தவர்கள், 40-க்குக் கீழே எந்த ரெகுலேட்டரும் எந்த நிலையிலும் போதும் என்று முடிவுகட்டினார்கள். ஐரோப்பியரோ, 22 விழுக்காட்டைத் தாண்டினாலே நைட்ராக்ஸுக்கென்று தனி மரையுள்ள வால்வும் ரெகுலேட்டரும் வேண்டும் என்று விதித்து, காற்றுக்குரியது அதில் பொருந்தவே முடியாதபடி செய்துவிட்டார்கள். நாற்பதுக்கு உட்பட்ட கலவைகளோடு சாதாரண ரெகுலேட்டர்கள் உலகெங்கும் பல்லாண்டுகளாகப் பெருங்கேடின்றிப் பயன்பட்டு வந்துள்ளன என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் அந்த அனுபவம் சுத்தமான ரெகுலேட்டரின் அனுபவம். தூய காற்றை நிரப்பிய இடங்களின் அனுபவம். எண்ணெய் படிந்த வடிகட்டியை மாற்றாமல் ஓட்டுகின்ற கம்ப்ரஸருக்கும், கிடைத்த கிரீஸைத் தடவிப் பூட்டுகின்ற சர்வீஸுக்கும் அந்த நற்சான்றிதழ் செல்லாது என்பது என் துணிபு.

மேலும், கலவையில் 32 விழுக்காடே இருந்தாலும், அதை நிரப்புகின்ற முறை வேறொரு அபாயத்தை உடன் கொண்டு வருகிறது. பல இடங்களில் முதலில் சிலிண்டருக்குள் தூய பிராணவாயுவைச் சிறிது செலுத்தி, அதன்மேல் கம்ப்ரஸர் காற்றை ஏற்றிக் கலவையை உண்டாக்குகிறார்கள். அப்போது சிலிண்டரின் உட்சுவரும் வால்வும் நிரப்பும் குழாயும் சில நிமிஷங்களேனும் நூறு விழுக்காட்டுப் பிராணவாயுவோடு உறவாடுகின்றன. மூழ்குகின்றவர் கையில் வரும்போது அது சாந்தமான கலவை. நிரப்புகின்ற தொழிலாளியின் முகத்தெதிரே அது அப்படியன்று. சாதாரண முழுக்குக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 5 மில்லிகிராம் வரை எண்ணெய் மாசு இருக்கலாம் என்று அமெரிக்கத் தரம் இடங்கொடுக்க, பிராணவாயுவோடு கலக்கவிருக்கும் காற்றில் 0.1 மில்லிகிராமுக்கு மேல் ஆகாது என்று முழுக்குத் துறையார் வரம்பு கட்டியிருப்பது இதை உணர்ந்தே. ஐம்பதில் ஒரு பங்கு! இந்த வித்தியாசத்தை அலட்சியம் செய்பவர், தம்மிடம் சம்பளத்துக்கு வேலை செய்யும் ஓர் இளைஞனின் உயிரைப் பணயம் வைக்கிறார்.

இவை வெறும் பயமுறுத்தல் அல்ல. 1999 பிப்ரவரியில் அமெரிக்க அரசு, அலுமினியத்தால் செய்த மருத்துவ ஆக்சிஜன் ரெகுலேட்டர்கள் தீப்பற்றி மருத்துவப் பணியாளரையும் நோயாளிகளையும் எரித்ததை எடுத்துக்காட்டி, பித்தளைக்கு மாறும்படி மருத்துவமனைகளுக்கு அறிவுறுத்தியது. 2007 மார்ச்சில் டயர்லெஸ் என்னும் பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பலில், ஆர்க்டிக் பனிக்கட்டியின் அடியில், பிராணவாயுவை உண்டாக்கும் சாதனம் ஒன்று வெடித்து இரு மாலுமிகள் மாண்டனர்; அதில் கலந்த எண்ணெயையே விசாரணை சுட்டியது. நம் நாட்டில் 2024 நவம்பர் 15-ஆம் தேதி இரவு ஜான்சி மருத்துவக் கல்லூரியின் பச்சிளங்குழந்தைகள் வார்டில் மூண்ட தீ பத்துச் சிசுக்களை அன்றே பலிகொண்டது. பிராணவாயு நிறைந்த அறையாதலால் தீ நொடியில் பரவியது என்று அங்குள்ள அதிகாரிகளே கூறினர். இடங்கள் வேறு, சாதனங்கள் வேறு. தீக்கு உணவளித்த வாயு ஒன்றே.

தீயைத் தவிர இன்னோர் அபாயமும் உண்டு. 32 விழுக்காட்டுக் கலவையோடு ஏறத்தாழ 33 மீட்டருக்குக் கீழும், 36 விழுக்காட்டோடு ஏறத்தாழ 28 மீட்டருக்குக் கீழும் இறங்கினால், பிராணவாயுவே நஞ்சாகி, முன்னறிவிப்பின்றி வலிப்பு வந்து, வாயிலிருந்து ரெகுலேட்டர் நழுவிவிடலாம். ஆகவேதான் ஒவ்வொரு சிலிண்டரிலும் கலவையின் விழுக்காடு, இறங்கத்தக்க ஆழம், அளந்த தேதி, அளந்தவர் பெயர் நான்கும் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதும், மூழ்குபவர் தம் கையாலேயே அளவுமானியில் சோதித்த பின்னரே அதைத் தொட வேண்டும் என்பதும் சர்வதேச வழக்கம்.

கொரோனாப் பெருந்தொற்றின் கொடிய மாதங்களில் ஆக்சிஜனுக்கு நாடெங்கும் அலைந்தபோது, நைட்ரஜனும் ஆர்கானும் அடைத்த தொழிற்சாலைச் சிலிண்டர்களைச் சுத்தம் செய்து மருத்துவ ஆக்சிஜனுக்கு மாற்றிக்கொள்ள, நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு அனுமதி வழங்கியது. சுத்தம் செய்தல் என்னும் சொல்லின் முழுக் கனத்தையும் அன்று நாம் உணர்ந்தோம். 2016-ஆம் ஆண்டின் வாயு உருளை விதிகளைச் செயற்படுத்துகின்ற அதே அமைப்பும் இந்தியத் தர நிர்ணய அமைவனமும் கலந்து, பிராணவாயு செறிந்த முழுக்குக் கலவைக்கென்று பிறிதொன்றோடு பொருந்தாத தனி வால்வையும், நிரப்பும் நிலையங்களில் காற்றின் எண்ணெய் மாசுக்கு ஒழுங்கான பரிசோதனையையும் நடைமுறையில் கட்டாயமாக்க வேண்டும். 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவில் பவளப் பாறைகளுக்காக ஓயாது மூழ்குகின்ற தூத்துக்குடி ஆய்வாளர்கள் முதல், சுற்றுலாப் பயணியை அழைத்துச் செல்கின்ற புதுச்சேரிப் படகுக்காரர் வரை அனைவருக்கும் அது ஒரே விதியாக இருக்க வேண்டும்.

கோயம்புத்தூர்க் கம்ப்ரஸர் தொழிலதிபர்களை நான் வேண்டிக்கொள்வது, முழுக்குக் காற்றுக்கென எண்ணெய் அறவே இல்லாத சிறு இயந்திரங்களைக் கட்டுப்படியாகும் விலையில் செய்து தாருங்கள் என்பதே. அந்த வித்தை நம்மிடம் இருக்கிறது. பிள்ளையைக் கடலுக்கு அனுப்புகின்ற பெற்றோரையும், இறங்கவிருக்கும் இளைஞரையும் வேண்டிக்கொள்வது இது: ரெகுலேட்டரைக் கடைசியாகப் பிரித்துச் சுத்தம் செய்தவர் யார், எந்தத் தேதியில், எந்த கிரீஸ் போட்டார், சிலிண்டரை நிரப்பிய கம்ப்ரஸரின் வடிகட்டி எப்போது மாற்றப்பட்டது என்று நேராகக் கேளுங்கள், பதில் சொல்லத் தெரியாத இடத்தில் பணம் போனாலும் போகட்டுமென்று திரும்பி வாருங்கள், பதில் கிடைத்த இடத்திலும், சிலிண்டரின் வால்வை மெதுவாகத் திறவுங்கள்.