கயபாவின் கணக்கு

தியானத்திற்கு: யோவான் 11:45-53

மக்கள் அனைவரையும் காக்க ஒருவரை இழப்பது இலாபம் என்று கணக்கிட்டார் தலைமைக் குரு கயபா. அது கோபத்தில் உதிர்ந்த சொல் அன்று. சங்கம் கூடி ஆராய்ந்து எடுத்த முடிவு. வன்முறை கொலை என்னும் தன் சொந்தப் பெயரோடு வருவதில்லை. காவல், கடமை, விடுதலை என்னும் நல்ல பெயர்களை அணிந்தே வருகிறது.

ஊவா மண் இதை நன்கு அறியும். மக்கள் விடுதலை முன்னணி தன் தொடக்ககால ஐந்து வகுப்புகளுள் ஒன்றில் ‘இந்திய விஸ்தரிப்புவாதம்’ பற்றிப் போதித்தது. கொழுந்து பறித்து வயிறு வளர்த்த தோட்டத் தொழிலாளியும் அதில் அந்நிய வல்லரசின் கருவியானார். 1983 ஜூலையில் வேறு கரங்கள் பதுளையில் தமிழர் வீடுகளையும் கடைகளையும் எரித்தன. 2000 ஒக்டோபர் 25 காலையில், பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் 27 தமிழர் கொல்லப்பட்டனர். தாக்கியோருள் அயற்கிராமத்தவர் பலர். காவலுக்கு நின்ற பொலிஸார் தடுக்கவில்லை. ‘புலி’ என்ற ஒரு சொல்லே போதுமாயிருந்தது. 2003இல் ஐவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2005 முடிவதற்குள் அவர்கள் அனைவரும் விடுதலையாயினர்.

நம்மவர் கைகளும் தூயவை அல்ல. 1990 ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்களைப் புலிகள் சுட்டுக் கொன்றனர். அன்று நம் இல்லங்களில் எத்தனை பேர் அழுதோம்? ‘போரில் இதெல்லாம் நடக்கும்’ என்று எத்தனை பேர் ஆறுதல் தேடினோம்?

வன்முறையைத் தொடங்குவது ஒரு கொள்கை. அதற்குச் சோறிட்டு வளர்ப்பது நம் மௌனம். ஒவ்வோர் இனமும் தன் இறந்தோரை மட்டும் எண்ணுகிறது. அந்த எண்ணிக்கையே அடுத்த கொலைக்கு நியாயமாகிறது. இரவுணவு வேளையில் ‘அவர்கள் எல்லாரும் அப்படித்தான்’ என்று நாம் சொல்வதைப் பிள்ளைகள் கேட்கின்றனர். கயபாவின் பாடசாலை அங்கேதான் திறக்கப்படுகிறது.

கெத்சமனித் தோட்டத்தில் தம்மைக் காக்க வாளெடுத்த சீடரை இயேசு தடுத்தார். வெட்டுண்ட பணியாளனின் காதைத் தொட்டுக் குணமாக்கினார். எதிரியின் காயத்தையும் காயமாகக் கண்டவர் அவர்.

அன்பான குடும்பங்களே, பிந்துனுவெவ நினைவு நாள் செபமாலை மாதத்திலேயே வருகிறது. அந்த இரவில் ஒரு பத்து மணிகளை அங்கு இறந்தவர்களுக்காகவும், இன்னொரு பத்தை நம் பெயரால் கொல்லப்பட்டவர்களுக்காகவும் ஒப்புக்கொடுப்போம். இரண்டாவது கடினமாயிருக்கும். ஆயினும், மனமாற்றம் அதில்தான் தொடங்கும்.

செபம்: ஆண்டவரே, பிறர் சாவில் நாங்கள் காணும் நியாயங்களை எங்களிடமிருந்து எடுத்துவிடும். ஆமென்.