பாடம் நடத்தும்வரை அது கடன்தான்

பல ஆண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே வாங்கும் கல்வி மென்பொருள் நிறுவனங்கள் குறித்து, ரிஷிவந்தியம் வட்டாரத்தில் நுகர்வோருக்காக இயங்கும் எங்கள் அமைப்பின் நிலைப்பாடு

ஒரு தாய் எங்களிடம் கொண்டுவந்த ரசீதில் மூன்று ஆண்டுக் கட்டணம் எழுதியிருந்தது. மகன் எட்டாம் வகுப்பில் இருந்தபோது தவணைக் கடன் எடுத்துக் கட்டியது. பத்தாம் வகுப்பு முடியும்வரை ஆப் வழியாகப் பாடம், வாரம் ஒருமுறை சந்தேகம் தீர்க்க ஓர் ஆசிரியர், கூடவே ஒரு டேப் என்பது பேச்சு. ஒன்பதாவது மாதம் ஆசிரியர் வகுப்பு நின்றுபோனது. தொலைபேசியை எடுக்க ஆளில்லை. இ.எம்.ஐ. மட்டும் மாதம் தவறாமல் வங்கிக் கணக்கிலிருந்து போய்க்கொண்டே இருந்தது. “பாடமே நடக்கலையே, நான் யாருக்குப் பணம் கட்டிட்டிருக்கேன்?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கான பதில் அந்த நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. அதனால்தான், நியாயவிலைக் கடையையும் எடைக்கல்லையும் பற்றிப் பேசிவந்த நாங்கள் மென்பொருள் நிறுவனங்கள் கணக்கு எழுதும் முறையைப் பற்றிப் பேச வேண்டியதாயிற்று. எங்கள் நிலைப்பாடு இது: இன்னும் நடத்தாத பாடத்துக்காக வாங்கிய பணம் நிறுவனத்தின் வருமானம் அல்ல, பெற்றோருக்கு அது பட்டிருக்கும் கடன். அதைக் கடனாகவே கணக்கில் காட்ட வேண்டும், கடனாகவே பாதுகாத்து வைக்க வேண்டும், எவ்வளவு பாக்கி இருக்கிறது என்பதைப் பணம் கட்டுபவருக்குச் சொல்ல வேண்டும்.

கரும்பு போடுகிறவர்களுக்கு இதை விளக்க அதிக நேரம் ஆகாது. ஆலையில் அரவை நடக்கும், கிடங்கில் சர்க்கரை மூட்டை அடுக்கியிருக்கும், கணக்கில் விற்பனையும் இருக்கும். ஆனால் கரும்புப் பணம் கேட்டுப் போனால் கையில் ரொக்கம் இல்லை என்பார்கள். கரும்பு இறக்கிய 14 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி சேர்த்துத் தர வேண்டும் என்று 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. அந்த ஆணை இருந்தும் நிலுவைக்காகப் போராட வேண்டியிருக்கிறது என்பதை இந்த மாவட்டத்து உழவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. லாபம் என்பது வேறு, கையிருப்பு என்பது வேறு. கல்வி ஆப் விஷயத்தில் நிலைமை இன்னும் மோசம். கரும்புக்காரர் சரக்கைக் கொடுத்துவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்கிறார். பெற்றோரோ பணத்தைக் கொடுத்துவிட்டுச் சரக்குக்குக் காத்திருக்கிறார்கள், அதுவும் மூன்று ஆண்டு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று ஆண்டுக்குக் கட்டணம் 36,000 ரூபாய். கடன் நிறுவனம் முழுத் தொகையையும் முதல் நாளே ஆப் நிறுவனத்துக்குக் கொடுத்துவிடுகிறது, பெற்றோர் அதைத் தவணையாக அடைக்கிறார்கள். அன்றே 36,000-மும் வருமானம் என்று நிறுவனம் எழுதிக்கொண்டால், அந்த ஆண்டுக் கணக்கு பிரமாதமாக இருக்கும், முதலீட்டாளர் மயங்குவார். மாதம் ஆயிரம் ரூபாய் என்று, பாடம் நடக்க நடக்க எழுதினால், முதல் மாத முடிவில் வருமானம் 1,000, பெற்றோருக்குப் பட்ட கடன் 35,000. இரண்டு விதத்திலும் வந்த பணம் ஒன்றுதான். ஆனால் விளம்பரத்துக்கும் விற்பனை ஆளின் கமிஷனுக்கும் அந்தப் பணம் முதல் மாதமே செலவாகியிருந்தால், மீதி 35 மாதப் பாடத்தை நடத்த அடுத்து சேரும் பிள்ளையின் கட்டணம் வர வேண்டும். அந்தப் பிள்ளையின் பாடத்துக்கு அதற்கடுத்த பிள்ளை. சேர்க்கை குறைந்த மாதம் எல்லாம் நின்றுவிடும்.

பாடம் நடக்க நடக்கத்தான் வருமானம் எழுத வேண்டும் என்பது புதிய யோசனை அல்ல. 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் இண்ட் ஏ.எஸ். 115 என்ற கணக்கியல் தரநிலையின் சாரமே அதுதான். அதில் பெற்றோர் கவனிக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. டேபும் பாடமும் தனித்தனிச் சரக்கு என்றால் விலையையும் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். டேபைக் கையில் கொடுத்த அன்றே அதன் விலை வருமானமாகிவிடும், பாடத்தின் விலைக்குக் காத்திருக்க வேண்டும். ஆகவே டேபின் மீது விலையை ஏற்றிவைக்க ஆசை வரும். “டேபைப் பிரிச்சாச்சு, இனி பணம் திரும்பாது” என்று கடைசியில் சொல்லப்படுவதன் வேர் சில நேரம் இங்கே இருக்கிறது. ரசீதில் டேபுக்கு எவ்வளவு, பாடத்துக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள் என்று நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்வது இதற்காகத்தான்.

இதெல்லாம் வெறும் அச்சம் அல்ல. நாடே பார்த்த ஒரு நிகழ்வு இருக்கிறது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட கல்வி ஆப் நிறுவனமான பைஜூஸ், 2022 மார்ச்சில் 2,200 கோடி டாலர் மதிப்புள்ள நிறுவனமாகப் பேசப்பட்டது. 2021 மார்ச்சோடு முடிந்த ஆண்டின் கணக்கை அது 2022 செப்டம்பரில்தான் வெளியிட்டது. நட்டம் 4,588 கோடி ரூபாய். அதற்கு முந்தைய ஆண்டு நட்டம் 300 கோடிக்கும் கீழே. ஒரே ஆண்டில் இத்தனை மடங்கு எகிறியதற்கு நிறுவனம் சொன்ன காரணங்களில் முக்கியமானது கணக்குக் கொள்கை மாறியது. கட்டணத்தை மொத்தமாக எழுதாமல் பாடக் காலம் முழுவதற்கும் பரப்பியதாலும், தவணையில் விற்றதைப் பணம் வசூலான பிறகே எழுதியதாலும், வருவாயில் சுமார் 40 விழுக்காடு அடுத்த ஆண்டுகளுக்குத் தள்ளிப்போனது என்றது. பணம் கட்டிய பெற்றோர் எவரும் இந்தக் கொள்கை மாற்றத்தைப் பற்றி ஒரு வரிகூட அறிந்திருக்க வாய்ப்பில்லை. அவர்கள் பார்த்தது கிரிக்கெட் அணியின் சட்டையில் இருந்த பெயரை.

அடுத்த ஆண்டுக் கணக்கு இன்னும் தாமதம். 2023 ஜூனில் தணிக்கையாளரான டெலாய்ட், நிதிநிலை அறிக்கைகள் நெடுநாளாகத் தாமதமாவதைக் காட்டி விலகியது. அதே மாதம் முதலீட்டாளர்களின் பிரதிநிதிகள் மூவர் இயக்குநர் குழுவிலிருந்து விலகினார்கள். 2021 நவம்பரில் அமெரிக்காவில் வாங்கிய 120 கோடி டாலர் கடனுக்கு வட்டி கட்டுவதும் அந்த ஜூனில் நின்று, விவகாரம் வழக்கானது. 2022 மார்ச்சோடு முடிந்த ஆண்டின் கணக்கு 2024 ஜனவரியில் வந்தபோது நட்டம் 8,245 கோடி. 2024 ஜூலை 16 அன்று, கிரிக்கெட் வாரியத்துக்குத் தர வேண்டிய 158 கோடியே 90 லட்சம் ரூபாய்க்காக, பெங்களூரு தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் அதன் தாய் நிறுவனமான திங்க் அண்ட் லேர்னைத் திவால் நடவடிக்கைக்குள் கொண்டுவந்தது. மேல்முறையீட்டில் அது நிறுத்தப்பட்டாலும், 2024 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அந்த மேல்முறையீட்டு உத்தரவை ரத்துசெய்தது. யார் மீது என்ன தவறு என்பதை நீதிமன்றங்கள் சொல்லட்டும், அது எங்கள் வேலை அல்ல.

எங்களை உறுத்துவது வேறொன்று. 2020-இல் வந்த தணிக்கையாளர் அறிக்கை ஆணை நல்ல ஆணை. நிறுவனத்துக்கு இந்த ஆண்டும் போன ஆண்டும் ரொக்க நட்டம் உண்டா, தணிக்கையாளர் எவரேனும் விலகினாரா, கணக்கு முடிந்த நாளில் உள்ள கடன்களை ஓராண்டுக்குள் அடைக்க அதனால் முடியுமா என்று தணிக்கையாளர் எழுதியே ஆக வேண்டும். பணம் கட்டப் போகும் ஒரு தாய்க்கு இதைவிடப் பயனுள்ள மூன்று கேள்விகள் இல்லை. ஆனால் 2022 மார்ச் கணக்கு 2024 ஜனவரியில் வருகிறது என்றால், ‘ஓராண்டுக்குள் முடியுமா’ என்ற கேள்விக்கான பதில் அந்த ஓராண்டு முடிந்து பத்து மாதம் கழித்து வருகிறது. மழை பெய்து ஓய்ந்த பிறகு வரும் வானிலை அறிக்கை யாருக்கு? கணக்கைத் தாமதமாகத் தாக்கல் செய்வதற்கான கூடுதல் கட்டணமோ நாளுக்கு 100 ரூபாய். இந்த ஒன்றியத்தில் களை எடுக்கும் பெண்ணின் ஒருநாள் கூலி அதைவிட அதிகம்.

நட்டம் காட்டும் நிறுவனம் எல்லாம் மோசடி நிறுவனம் என்று நாங்கள் சொல்லவில்லை. சென்னையில் பிறந்து 2021 செப்டம்பரில் நாஸ்டாக் சந்தையில் பட்டியலான ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2022-ஆம் ஆண்டில் 23 கோடி டாலருக்கு மேல் நட்டம் காட்டியது. அதுவும் மென்பொருளுக்கு முன்சந்தா வாங்கும் நிறுவனம்தான். ஆனால் வாங்கியும் இன்னும் சேவை தராத சந்தா எவ்வளவு என்பது காலாண்டுக்கு ஒருமுறை கடன் பக்கத்தில் அச்சாகிறது. கையில் 100 கோடி டாலருக்கு மேல் ரொக்கமும் முதலீடும் இருந்ததும் எல்லோருக்கும் தெரியும். நட்டம் வந்தும் வாடிக்கையாளர் தூங்க முடிந்தது. நட்டத்தைவிட, நட்டமும் கையிருப்பும் மறைந்திருப்பதே ஆபத்து. கையிருப்பு என்று எழுதியதே பொய்யாக இருந்ததையும் பார்த்துவிட்டோம்: 2009 ஜனவரி 7 அன்று சத்யம் மென்பொருள் நிறுவனத்தின் கணக்கில் 5,040 கோடி ரூபாய் ரொக்கம் இல்லாத ரொக்கம் என்று அதன் தலைவரே கடிதம் எழுதினார்.

இனி எங்கள் கோரிக்கைகள். முதலாவது மத்திய நிறுவன விவகார அமைச்சகத்துக்கு. நிறுவனங்கள் வைப்புத்தொகை வாங்குவதற்கான 2014-ஆம் ஆண்டு விதிகளில், சரக்குக்கோ சேவைக்கோ வாங்கிய முன்பணம் 365 நாளுக்குள் அந்தச் சேவையில் கழிக்கப்பட்டால்தான் அது வைப்புத்தொகை ஆகாது என்று இருக்கிறது. அப்படியானால் மூன்று ஆண்டுப் பாடத்துக்கு ஒரே நாளில் வாங்கும் கட்டணத்தில், முதல் ஆண்டுக்குப் பிந்திய பகுதி என்ன? அமைச்சகம் இதற்கு வெளிப்படையாகப் பதில் சொல்ல வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட பாடக் கட்டணத்தை முன்கூட்டி வாங்கக் கூடாது என்பது எங்கள் முடிவு.

அந்த ஓராண்டுப் பணத்துக்கும் காப்பு வேண்டும். 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி, வீடு வாங்குவோரிடம் வாங்கும் தொகையில் 70 விழுக்காட்டைத் தனிக் கணக்கில் போட்டுக் கட்டடச் செலவுக்கும் நிலத்தின் செலவுக்கும் மட்டுமே எடுக்க வேண்டும். 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி, சீட்டு நடத்துபவர் சீட்டுத் தொகைக்கு ஈடான பிணையைப் பதிவாளரிடம் வைத்த பிறகே சீட்டைத் தொடங்கலாம். ரிஷிவந்தியத்தில் பத்துப் பேரைச் சேர்த்துச் சீட்டு நடத்த விரும்பும் ஒருவருக்கு இந்தக் கட்டுப்பாடு. லட்சக்கணக்கான குடும்பங்களின் பணத்தை வாங்கும் நிறுவனத்துக்கு ஏன் எதுவும் இல்லை? கற்றுத்தராத காலத்துக்கான கட்டணம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யாத நிறுவனம், தாக்கல் செய்யும் நாள்வரை, புதிய முன்பணம் வாங்கத் தடை வேண்டும். தணிக்கையாளர் விலகினால் முதலீட்டாளருக்குத் தெரியும் அதே நாளில் பெற்றோருக்கும் தமிழில் குறுஞ்செய்தி வர வேண்டும்.

ரிசர்வ் வங்கிக்கு: பாடம் நின்றால் தவணையும் நிற்க வேண்டும். டிஜிட்டல் கடன்களுக்கு ஆப் நிறுவனம் கொடுக்கும் உத்தரவாதத்துக்கு 2023 ஜூன் 8 அன்று 5 விழுக்காடு வரம்பு வைத்ததை வரவேற்கிறோம். அது கடன் கொடுத்தவரைக் காக்கும். கடன் வாங்கிய பெற்றோரைக் காக்க இன்னும் ஒரு வரி சேர்க்க வேண்டும். திவால் சட்டத்திலும் இப்படியொரு முன்னுதாரணம் இருக்கிறது. வீட்டுக்குப் பணம் கட்டிக் காத்திருந்தவர்களுக்கு 2018 திருத்தம் கடன் கொடுத்தோர் குழுவில் இடம் கொடுத்தது. முன்பணம் கட்டிய பெற்றோருக்கும் அந்த இடம் வேண்டும்.

இப்படிச் செய்தால் புதிதாகத் தொழில் தொடங்கும் இளைஞர்களின் மூலதனம் முடங்கிவிடும் என்று ஒரு வாதம் வரும். அது பொய் அல்ல. இந்த மாவட்டத்திலிருந்து படித்துப்போன பிள்ளைகளும் அப்படிப்பட்ட நிறுவனங்களில் வேலை பார்க்கிறார்கள், அவர்களுடைய சம்பளமும் எங்களுக்கு அக்கறைதான். ஆனால் வளர்ச்சிக்கான மூலதனத்தை, நட்டம் வரலாம் என்று தெரிந்து பங்கு வாங்கும் முதலீட்டாளர் தர வேண்டும். மரவள்ளி விற்ற காசில் பிள்ளைக்குக் கணக்குப் பாடம் வாங்கியவர், தான் ஒரு நிறுவனத்துக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்திருப்பதையே அறியாதவர். அவரை மூலதனம் ஆக்க யாருக்கும் உரிமை இல்லை. வெள்ளிமலைப் பக்கம் மலைக் கிராமங்களில் சிக்னலே ஒழுங்காகக் கிடைக்காத வீட்டுக்கும் மூன்று ஆண்டுச் சந்தா விற்கப்படுகிறது என்றால், அந்த விற்பனை எந்தத் தரநிலைப்படியும் நேர்மையான வருமானம் அல்ல.

பெற்றோருக்குச் சில வார்த்தை. மாதக் கட்டணத்துக்கு மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். தள்ளுபடி எவ்வளவு சொன்னாலும் மொத்தமாகக் கட்டாதீர்கள். தானாகப் பணம் எடுக்கும் அனுமதி குறித்து மத்தியக் கல்வி அமைச்சகமே 2021 டிசம்பர் 23 அன்று எச்சரித்திருக்கிறது. நிறுவன விவகார அமைச்சகத் தளத்தில் 100 ரூபாய் கட்டினால் எந்த நிறுவனத்தின் தாக்கல் செய்த கணக்கையும் யாரும் பார்க்கலாம். படித்துச் சொல்ல எங்களிடம் ஆள் இருக்கிறது. ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். நிறுவனம் பெங்களூரில் இருந்தாலும் டெல்லியில் இருந்தாலும், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம்.

எங்களிடம் வரும்போது ரசீது, கடன் ஒப்பந்தம், வங்கிக் கணக்குப் பதிவு, விற்பனை ஆள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், டேபோடு வந்த அட்டைப்பெட்டி எதையும் தூக்கி எறியாமல் கொண்டுவாருங்கள். எத்தனை மாதப் பாடம் நடந்தது, எத்தனை மாதம் பாக்கி என்று முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்வோம். மனு அங்கிருந்து தொடங்கும்.