மேற்படிப்புக்குக் கடல் கடக்கும் முன்...



பட்டப்படிப்பை முடித்த பிள்ளை இருக்கும் வீடுகளில் இன்று ஒரே பேச்சுதான். வெளிநாடு சென்று மேற்படிப்பு படிப்பதா? ஊரிலேயே வேலையில் சேர்வதா? வாப்பாக்கள் சவூதிக்கும் துபாய்க்கும் விசா தேடினார்கள். பிள்ளைகள் லண்டனுக்கும் பெர்லினுக்கும் தேடுகிறார்கள். அன்று ஏஜெண்ட், இன்று கன்சல்டன்சி. பலகைதான் மாறியிருக்கிறது. உம்மாவின் நகையும் வீட்டுப் பத்திரமும் அடகுக்குப் போவது மாறவில்லை!

கல்விக்காகப் பயணம் செய்வதை மார்க்கம் தடுக்கவில்லை. ஆனால் இதற்கு ஆதாரமாக, சீனாவைக் குறிப்பிடும் ஒரு செய்தியை நபிமொழி என்று மேடைகளில் முழங்குகிறார்கள். அதை இமாம் இப்னுல் ஜவ்ஸி அவர்கள் இட்டுக்கட்டப்பட்ட செய்திகளின் வரிசையில் சேர்த்திருக்கிறார்கள். அது நமக்குத் தேவையும் இல்லை. ஒரே ஒரு ஹதீஸைக் கேட்பதற்காக ஜாபிர் (ரலி) அவர்கள், அப்துல்லாஹ் பின் உனைஸ் (ரலி) அவர்களைத் தேடி ஒரு மாத காலம் பயணம் செய்ததை இமாம் புகாரி தமது நூலின் கல்வி பற்றிய பகுதியில் குறிப்பிட்டுள்ளார்கள்.

இதில் நமக்கு என்ன படிப்பினை? எதைக் கற்கப் போகிறோம், யாரிடம் போகிறோம் என்ற இரண்டும் அவர்களுக்குத் தெரிந்திருந்தன. நம் பிள்ளைகளுக்கு நாட்டின் பெயர் தெரிகிறது. அங்கே யார் கற்பிக்கிறார், கற்றதை வைத்து என்ன வேலை செய்ய முடியும் என்று கேட்டால் பதில் வருவதில்லையே!

கணக்குப் பாருங்கள்!

"ஒரு வருடம் படிப்பு, பிறகு அங்கேயே வேலை" என்பது ஏஜெண்டின் பேச்சு. சட்டம் என்ன சொல்கிறது? பிரிட்டனில் படித்து முடித்தவர்கள் இரண்டு ஆண்டுகள் தங்கி வேலை தேடும் வாய்ப்பு 2021 ஜூலையில் வந்தது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் முதுகலைப் பட்டதாரிகளுக்கு அது 18 மாதமாகக் குறைகிறது. வகுப்பறை சார்ந்த முதுகலைப் படிப்பில் 2024 ஜனவரி முதல் சேருவோர் மனைவி மக்களை உடன் அழைத்துச் செல்ல முடியாது. வேலை விசாவுக்கான பொதுவான ஆண்டுச் சம்பள வரம்பு 26,200 பவுண்டாக இருந்தது. 2024 ஏப்ரலில் 38,700 ஆனது. 2025 ஜூலையில் 41,700 ஆனது. புதிதாக வேலைக்கு வருவோருக்கு இதில் சலுகை உண்டு, ஆனாலும் எளிதல்ல.

ஜெர்மனியில் பெரும்பாலான மாநிலங்களின் அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் இல்லை. உண்மைதான். ஆனால் ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே கணக்கில் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அந்தத் தொகை 11,904 யூரோவாக உயர்த்தப்பட்டது.

சகோதரனே! நீ விமானம் ஏறிய பிறகும் அந்த நாட்டின் சட்டம் மாறலாம். கடன் தவணை மாறாது! 7.5 லட்சம் ரூபாய்க்கு மேல் என்றால் வங்கிகள் பொதுவாகச் சொத்தை ஈடாகக் கேட்கின்றன. வெளிநாட்டுக் கல்விக் கடனுக்காகச் சிறுபான்மை மாணவர்களுக்கு மத்திய அரசு அளித்து வந்த வட்டி மானியமும் 2022-23ல் நிறுத்தப்பட்டு விட்டது. "படிப்புக்குத்தானே" என்று சொல்வதால் வட்டி ஹலால் ஆகிவிடாது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

அப்படியானால் ஏழை வீட்டுப் பிள்ளை போகவே கூடாதா?

போகலாம். வேறு வாசல் வழியாகப் போகலாம். பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகை கட்டணம், தங்கும் செலவு, விமானச் செலவு எல்லாவற்றையும் தருகிறது. அதற்கு என்ன நிபந்தனை? இரண்டு ஆண்டு வேலை அனுபவம்! படித்து முடித்ததும் நாடு திரும்பி இரண்டு ஆண்டுகள் இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. ஜெர்மனியின் டாட் நிறுவனம் வளரும் நாட்டினருக்குத் தரும் முதுகலை உதவித்தொகையிலும் இரண்டு ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். ஊரில் வேலை செய்வதைத் தோல்வி என்று நினைக்கிறோம். உண்மையில் அதுவே கடன் இல்லாத படிப்புக்குத் திறவுகோல்!

வியாபாரிகளே! உங்களுக்கும் பங்கு உண்டு

2001ஆம் ஆண்டுக் கணக்கின்படி, இருபது வயதைக் கடந்த முஸ்லிம்களில் நூற்றுக்கு நான்கு பேர்கூடப் பட்டதாரி இல்லை என்று சச்சார் குழு 2006ல் சொன்னது. அப்படிப்பட்ட சமுதாயத்தில் ஒரு பட்டதாரி உங்கள் கடைக்கு வந்தால் என்ன தருகிறீர்கள்? "நம்ம பையன்தானே" என்று சாப்பாடும் கைச்செலவும் கொடுத்து நிறுத்திக் கொள்கிறீர்கள். நியமனக் கடிதம் உண்டா? முறையான சம்பளம் உண்டா? அனுபவச் சான்றிதழ் உண்டா? எதுவும் இல்லாமல் "பையன்கள் ஓடுகிறார்கள்" என்று குறைப்படுவது நியாயமா?

ஜமால் முகமது சாஹிப், காஜாமியான் ராவுத்தர் ஆகிய வணிகர்களின் கொடையால்தான் 1951ல் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரி எழுந்தது. நீங்கள் கல்லூரி கட்ட வேண்டாம். ஒரு கல்யாண விருந்தின் செலவை, தகுதியுள்ள ஒரு மாணவனுக்கு வட்டியில்லாத அழகிய கடனாகக் கொடுங்கள். வெளிநாட்டுப் பட்டத்தைக் காட்டி மாப்பிள்ளைக்கு விலை பேசுவதையும் விட்டொழியுங்கள்!

இளைஞர்களே! என்ன பாடம், யாரிடம், யார் பணத்தில் என்ற மூன்று கேள்விகளுக்கும் நேர்மையான பதில் இருந்தால் பிஸ்மில்லாஹ் சொல்லிப் புறப்படுங்கள். ஒன்றுக்குப் பதில் இல்லை என்றாலும் இரண்டு ஆண்டுகள் இங்கே உழையுங்கள். அதற்குள் பதில் கிடைத்துவிடும், இன்ஷா அல்லாஹ். அடகு வைத்த வீட்டில் உம்மாவை உட்கார வைத்துவிட்டுப் போகாதீர்கள்!